எம்புள்ளைக்கு பென்சிலின் ஆகாது

1

வீட்டுல என் பேரு நண்டு. வயசு இருபத்தாறு, காகிதத்துல இருபத்தேழு. இப்ப இருக்கிற இடம் ஆஸ்பத்திரி மூணாவது மாடி, நாலு கட்டில் போட்ட ரூம்ல ஜன்னல் ஓரக் கட்டில்.

(வேண்டாம். ஆஸ்பத்திரின்னு வந்த உடனேயே அம்மா ஃபோனை அப்பா கையில திணிச்சுட்டு சுவத்துல சாஞ்சிருப்பாங்க. வேற மாதிரி ஆரம்பிக்கறேன்.)

ஒருத்தனுக்கு லேசா சளி பிடிச்சுது.

(லேசா இல்ல. "லேசான்னா எவ்வளவு லேசு?"ன்னு அக்கா கேப்பா. வேற.)

எல்லாரும் முதல்ல உக்காருங்க, நான் நல்லா இருக்கேன், யாரும் பதறாம

(இது தந்தி மாதிரி இருக்கு. பதறாதீங்கன்னு சொன்னப்புறம் பதறாம இருந்த ஆளு நம்ம வம்சத்துலயே கிடையாது.)

சரி, உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். இந்தக் கதை பொறந்தது ஒரு கேள்வியில. டாக்டர் எழுதற மருந்து சரிதானான்னு வார்டு வார்டா வந்து பாக்கற பார்மசிஸ்ட் அம்மா ஒருத்தங்க இங்க இருக்காங்க. இன்னிக்கு காலைல பத்து மணிக்கு கட்டில் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, ஃபைலைப் புரட்டி, "உங்களுக்கு பென்சிலின் ஆகாதுன்னு யாரு சொன்னது?"ன்னு கேட்டாங்க. எனக்கு நுரையீரல்ல நிமோனியா. இனிமே எந்த மருந்துங்கறது அந்த ஒரு கேள்வியில தொங்குது. பதில் என்கிட்ட பாதிதான் இருக்கு. மீதி நம்ம வீட்டுல இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவங்க திரும்ப வருவாங்க. இப்ப மணி ரெண்டு.

ஃபோன் பண்ணிக் கேட்டா அரை நிமிஷ வேலைதான். ஆனா பேசினா இருமல் வரும். இருமினா அம்மா வீடியோவைப் போடும்பாங்க. போட்டா மூக்குல இருக்கற ஆக்சிஜன் குழாய் தெரியும். அப்புறம் கேள்வி எங்க, பதில் எங்க. எழுத்துல அந்த வம்பு இல்ல. எழுத்துக்கு இருமத் தெரியாது.

அதனால வாயால சொல்லச் சொல்ல ஃபோன் எழுதிக்குது. இடது கையில ட்ரிப் ஊசி. வலது கை ஆள்காட்டி விரல்ல ஆக்சிஜன் பாக்கற கிளிப். ஃபோனைத் தண்ணி பாட்டில் மேல சாய்ச்சு வெச்சிருக்கேன், கட்டைவிரலுக்கு மைக் பொத்தான் மட்டும்தான் எட்டுது. அழிக்கற பொத்தான் எட்டல. தப்பா ஆரம்பிச்சதெல்லாம் அப்படியேதான் நிக்கும், பொறுத்துக்குங்க. கதை எழுதறவங்க எல்லாருமே இப்படித்தான் தடுமாறுவாங்களாம். அவங்களுக்கு அழிக்க விரல் இருக்கறதால வெளிய தெரியறதில்ல.

2

கதாநாயகனை இனிமே "நான்"னு சொல்லப் போறதில்ல. "நான்"னு சொன்னா அம்மா விடிய விடிய அழுவாங்க. "அவன்"னு சொன்னா, "ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ"ன்னு ரெண்டு சொட்டோட நிறுத்திப்பாங்க. அதனால அவன்.

இன்னொண்ணு. இந்த ஆஸ்பத்திரியில யாருக்கும் தமிழ் தெரியாது. எல்லாரையும் தமிழ்ல பேச வைக்கறது என் வேலை. நர்ஸ் அவனை ஒரு தடவை கூட "தம்பி"ன்னு கூப்பிடல. ஆனா அந்தக் குரல்ல ஒரு தம்பி இருந்துச்சு, எழுதிக்கறேன்.

அவன் பார்சல் பிரிக்கற கிடங்குல வேலை பாக்கறான். பெல்ட்டுல பெட்டி வரும், ஸ்டிக்கரைப் பாத்து எந்தக் கூண்டுக்குப் போகணுமோ அதுல தள்ளணும். எட்டு மணி நேரம் அதான். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது, மேல என்ன எழுதியிருக்கோ அதை நம்பித் தள்ளணும். ஆளு பயந்தாங்கொள்ளி. கதவைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாப்பான். ஒரு தடவை தாழ்ப்பாள் கழண்டு கையோட வந்துடுச்சு.

(அவனைக் கொஞ்சம் தைரியசாலியா மாத்திடலாமான்னு பாத்தேன். கதைதானே. ஆனா அக்கா படிப்பா.)

நாலு நாளா இருமல். அஞ்சாம் நாள் காய்ச்சல், குளிர் நடுக்கம், மூச்சு இழுத்தா வலது விலாவுல கத்தி சொருகினாப்ல வலி. கூட தங்கியிருக்கறவன் முடி வெட்டற கடையில வேலை பாக்கறவன். வாயைத் திறந்தா வம்பு, மனசு மட்டும் தங்கம். அவன்தான் கதவைத் தட்டினான்.

"டேய், நீ மூச்சு விடறது என் ரூம் வரைக்கும் கேக்குது. இது சளி இல்லடா, ரயில் எஞ்சின்."

"நாளைக்குப் பாக்கலாம். லீவு சொல்லல."

"நாளைக்கு நீ இருக்கணும்ல பாக்கறதுக்கு?"

டாக்ஸியில தூக்கிப் போட்டுட்டு வந்துட்டான். அவசரத்துல இவன் கால்ல ஒண்ணு இவனோட செருப்பு, ஒண்ணு அவனோடது. இது நடந்தது முந்தாநேத்து மத்தியானம்.

3

படம் எடுத்த உடனேயே நிமோனியான்னு தெரிஞ்சுடுச்சு. வலது நுரையீரல்ல கீழ்ப்பக்கம் வெள்ளையா, கண்ணாடியில மூச்சு ஊதினாப்ல. அடுத்தது, எவ்வளவு மோசம்ங்கற கேள்வி. லேசா இருந்தா மாத்திரையோட வீட்டுக்கு. நடுத்தரம்னா கட்டில். ரொம்ப மோசம்னா நரம்பு வழியா பலமான மருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும். அதை முடிவு பண்ண அஞ்சு மார்க்குக்கு ஒரு பரீட்சை வெச்சிருக்காங்க.*

* இதுல மார்க் வாங்கினா தோல்வி. புத்தி குழம்பியிருந்தா ஒண்ணு. ரத்தத்துல யூரியா ஏறியிருந்தா ஒண்ணு. நிமிஷத்துக்கு முப்பது மூச்சு, இல்ல அதுக்கு மேல போனா ஒண்ணு. ரத்த அழுத்தம் இறங்கிட்டா ஒண்ணு. வயசு அறுபத்தஞ்சு ஆயிட்டா சும்மாவே ஒண்ணு. அப்பா, உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, கோவிச்சுக்காதீங்க.

பரீட்சை வெச்சது சின்ன டாக்டர். அவருக்கும் வேலைக்குச் சேந்து ரொம்ப நாள் ஆகலன்னு பாத்தாலே தெரிஞ்சுது. பேனா மூடியை மூணு தடவை அமுக்கிப் பாத்தாரு. நம்மாளுன்னு அவனுக்குத் தோணுச்சு.

நர்ஸ் நாடி பிடிச்சாங்க. நாடியைத்தான் பாக்கறாங்கன்னு நினைச்சா கண்ணு நெஞ்சுல இருக்கு. மூச்சு எண்ணறாங்க. சொல்லிட்டு எண்ணினா ஆளு மூச்சை மாத்திடுவான்னு சொல்லாம எண்ணுவாங்களாம். அவன் கண்டுபிடிச்சுட்டான். கண்டுபிடிச்சதுல பயம் வந்து இன்னும் வேகமா விட்டான். முப்பத்தாறு. "கொஞ்சம் ஜன்னலைப் பாருங்க தம்பி"ன்னு சொல்லிட்டு முழுசா ஒரு நிமிஷம் திரும்ப எண்ணினாங்க. முப்பத்திரண்டு. நாலு மூச்சு பயத்துக்குக் கழிச்சும் ஒரு மார்க் நின்னுடுச்சு. ரத்த அழுத்தம், கீழ் நம்பர் அம்பத்தெட்டு. இன்னொரு மார்க். யூரியா சரியா இருந்துச்சு. மீதி இருந்தது புத்தி.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரில."

"என்ன கிழமை?"

சரியாச் சொன்னான்.

"பிறந்த தேதி?"

"அக்டோபர் ஒன்பது."

சின்ன டாக்டர் அட்டையைப் பாத்தாரு. அவனைப் பாத்தாரு. மறுபடியும் அட்டையைப் பாத்தாரு.

"இன்னொரு தடவை சொல்லுங்க?"

அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது. அட்டையில இருக்கறது ஜூன் ஒண்ணு. அந்த வருஷம் ஸ்கூல்ல சேக்கறதுக்கு வயசு நாலு மாசம் பத்தலன்னு அப்பா ஜூன் ஒண்ணுன்னு எழுதி, அதுவே சர்ட்டிஃபிகேட், பாஸ்போர்ட், இந்த ஊர் அட்டைன்னு கூடவே வளந்துடுச்சு. காய்ச்சல்ல அவனுக்கு அம்மா சொல்ற தேதிதான் நாக்குல வந்துச்சு.

(அப்பா, உங்களைக் குத்தம் சொல்லல. கதையில இது தேவைப்படுது.)

போச்சு, விசா போச்சு, வேலை போச்சு, கட்டிலோட ஏர்போர்ட்டுக்குத் தள்ளிட்டுப் போகப் போறாங்கன்னு அவன் முடிவே பண்ணிட்டான்.

"ஜூன் ஒண்ணு! ஜூன் ஒண்ணு சார்!"

"அப்ப அக்டோபர் ஒன்பது?"

"அதுவும்தான்."

"ரெண்டு தடவை பொறந்தீங்களா?"

"ஒண்ணு அம்மாவுக்கு. ஒண்ணு அப்பாவுக்கு."

சின்ன டாக்டர் பொறுமையா, அனுதாபத்தோட, "குழப்பம் உண்டு"ன்னு எழுதினாரு. மூணு மார்க். அஞ்சுக்கு மூணுன்னா மோசமான வகை. திரை போட்டதுக்கு அந்தப் பக்கம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஃபோன் போட்டு, "இளைஞர், புத்தி தடுமாறுது, தான் ரெண்டு தடவை பொறந்ததா சொல்றாரு"ன்னு சொல்றது அவனுக்குக் கேட்டுச்சு.

நர்ஸ் திரையை விலக்கினாங்க. அந்தம்மாவும் வேற ஏதோ தேசத்துலேருந்து பொழைக்க வந்தவங்கதான்.

"டாக்டர், அந்த ஃபோனைக் கொஞ்சம் வைங்க. எனக்கும் ரெண்டு பிறந்த நாள். எங்க அப்பா என்னை ஸ்கூல்ல சீக்கிரமா சேத்தாரு. எங்க ஊர்ல பாதிப் பேரு ஒரே தேதியிலதான் பொறந்திருக்கோம்."

"அப்ப இவரு குழம்பல?"

"குழம்பினது இவங்க அப்பா. இருபத்திரண்டு வருஷம் முன்னாடி." அவன் பக்கம் திரும்பினாங்க. "தம்பி, இருபதுலேருந்து பின்னாடி எண்ணுங்க."

எண்ணினான். மூச்சு வாங்கினாலும் ஒண்ணு கூட விடாம எண்ணினான். சின்ன டாக்டருக்கு காது வரைக்கும் சிவந்துடுச்சு. எழுதினதை அடிச்சுட்டு ரெண்டுன்னு போட்டாரு. அவருக்கு மட்டும் அடிக்க விரல் இருந்துச்சு.

"அப்ப வீட்டுக்குப் போலாமா சார்?"

"ரெண்டு மார்க்குக்கே கட்டில்தான். இதுல உங்க ஆக்சிஜன் எண்பத்தொன்பதுல நிக்குது. அந்தக் கணக்கு இந்தப் பரீட்சையில வராது, ஆனா அதைப் பாக்காம மார்க்கை மட்டும் பாத்து அனுப்பினா நான் டாக்டரே இல்ல." கொஞ்சம் நிறுத்திட்டு, "அக்டோபரா ஜூனான்னு எங்களுக்குக் கவலை இல்லீங்க. தலை தெளிவா இருக்கான்னுதான் கேட்டோம்"ன்னாரு.

அப்புறம், போற போக்குல கேக்கற மாதிரி, "ஏதாவது மருந்து அலர்ஜி?"ன்னாரு.

இவன் வாய் தானா திறந்துச்சு. "பென்சிலின் ஆகாது."

தெரிஞ்ச பாட்டு மாதிரி வந்துச்சு. சின்ன டாக்டர் ஃபைல் மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாரு. பென்சிலின் வகையை விட்டுட்டு வேற மருந்தை ட்ரிப்புல ஏத்தினாங்க.

4

(இந்த இடத்துல கதை கொஞ்சம் இழுக்குது. எதிர்க்கட்டில் பஸ் டிரைவரை விட்டா அவர் கோவிச்சுப்பாரு. நான் சொல்றதையெல்லாம் காதைத் தீட்டிக் கேட்டுட்டு இருக்காரு, ஒரு வார்த்தை புரியலன்னாலும்.)

எதிர்க்கட்டில்ல ரிட்டையர் ஆன பஸ் டிரைவர். அவருக்கும் நிமோனியா. வயசு அறுபத்தெட்டு. அவன் மரியாதைக்கு "அண்ணே"ன்னான், அதுலேருந்து அவர் இவனை விடல.

"எத்தனை மார்க்கு உனக்கு?"

"ரெண்டு அண்ணே. முதல்ல மூணு போட்டுட்டு ஒண்ணைக் கழிச்சுட்டாங்க."

"எனக்கு ஒண்ணுதான். வயசுக்குன்னு போட்டாங்க. வாழ்க்கையிலயே படிக்காம வாங்கின ஒரே மார்க்கு." இருமிட்டுச் சிரிச்சாரு, சிரிச்சுட்டு இருமினாரு. "நான் சீனியர், எனக்கு ஒண்ணு, நேத்து வந்த பொடிப்பய உனக்கு ரெண்டா? இந்த ஆஸ்பத்திரியில நியாயமே இல்ல."

அவருக்கு பென்சிலின் வகை மாத்திரைதான். வீட்டுல பாத்துக்க ஆளில்லன்னுதான் படுக்க வெச்சிருக்காங்க. வேளைக்கு ஒண்ணை வாயில போட்டு தண்ணி குடிச்சுட்டு ஜம்முனு உக்காந்திருக்காரு. இவன் கையில ட்ரிப், நெஞ்சுல ஒயரு.

5

இன்னிக்கு காலைல காய்ச்சல் விட்டுடுச்சு. (அம்மா, இந்த வரியை ரெண்டு தடவை படிங்க.) மூச்சு இருபத்திரண்டு. ஆக்சிஜன் குழாயில கொஞ்சமா விட்டாலே போதுது. ஆனா இதயத்துக்கு ஈசிஜி எடுத்ததுல, கோட்டுல வர்ற ரெண்டு மேட்டுக்கு நடுவுல இருக்கற இடைவெளி நீண்டிருக்காம், அப்படியே விட்டா துடிப்பு தாறுமாறாகலாமாம். இப்ப ஏத்தற மருந்தால அப்படி ஆகலாமாம். அதுக்குத்தான் பார்மசிஸ்ட் அம்மா வந்தாங்க. மூக்குக் கண்ணாடி சங்கிலியில தொங்க, கணக்கு டீச்சர் மாதிரி இருந்தாங்க.

"இந்த மருந்தை நிறுத்தணும். சிலருக்கு இதுல படபடப்பு, தூக்கமின்மை கூட வரும். உங்களுக்கு இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா அது மருந்துக்கு முன்னாடியிலேருந்தே இருக்கு."

டிரைவர் அந்தப் பக்கம் சிரிக்கற சத்தம்.

"உங்க சளியில வளந்த கிருமி எதுன்னு காலைல ரிசல்ட் வந்துடுச்சு. சாதாரண பென்சிலினுக்கே அடங்கற கிருமி. எதிர்க்கட்டில்ல அவர் போடறாரே, அந்த மாத்திரை போதும். நாளன்னிக்கு வீட்டுக்குப் போயிடலாம். ஆனா உங்க ஃபைல்ல சிவப்பு ஸ்டிக்கர்."

"வேற மாத்திரை?"

"வழக்கமா குடுக்கற ரெண்டுல ஒண்ணுக்கு இந்தக் கிருமி மசியல. இன்னொண்ணு இதே மாதிரி இதயத்துல கை வைக்கும். பென்சிலினுக்கு சித்தப்பா பசங்க மாதிரி சில மருந்து இருக்கு, அதைக் குடுக்கறதுக்கும் முதல்ல உங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும். மீதி இருக்கறது, வேற எதுக்கும் அடங்காத கிருமிக்குன்னு எடுத்து வெச்சிருக்கற பெரிய மருந்து. அது நரம்பு வழியாத்தான், இன்னும் ஒரு வாரம் இங்கதான். மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தற கதை அது. இன்னிக்கு வீணா கொளுத்தினா, நாளைக்கு நெஜமாவே வேணும்கறவங்களுக்கு அது வேலை செய்யாது."

அப்புறம்தான் அந்தக் கேள்வி. "உங்களுக்கு பென்சிலின் ஆகாதுன்னு யாரு சொன்னது?"

"அம்மா."

"எப்ப?"

"ஏழு வயசுல. ஊசி போட்டு உடம்பு சிவந்துடுச்சு."

"ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல? தடிப்பா, வெறும் சிவப்பா? அரிச்சுதா? உதடு, கண்ணு வீங்குச்சா? மூச்சு திணறுச்சா?"

"உதடெல்லாம் வீங்கல. மூச்சும் திணறல. மத்தது... தெரியல மேடம்."

"யாரு பாத்தாங்க?"

அவன் கிளிப் மாட்டின விரலைப் பாத்துட்டே, "பாத்தவங்க வீட்டுல இருக்காங்க மேடம்"ன்னான்.

"வீட்டுல கேட்டுச் சொல்லுங்க. அலர்ஜின்னு ஃபைல்ல எழுதியிருக்கற பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு சோதிச்சுப் பாத்தா ஒண்ணும் இருக்காது. ஆனா அந்தப் பத்தாவது ஆளு நீங்களா இருந்தா, அது விளையாட்டு இல்ல. நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. அஞ்சு மணிக்கு வரேன்."

(இப்ப நர்ஸ் உள்ள வந்தாங்க. நடந்ததை அப்படியே சொல்றேன்.)

"யார்கிட்ட பேசிட்டு இருக்கீங்க? அரை மணி நேரமா ஜன்னலைப் பாத்துப் பேசறீங்கன்னு டிரைவர் போட்டுக் குடுத்தாரு."

"வீட்டுக்கு எழுதறேன் சிஸ்டர்."

"வாயாலயா? அந்தக் கழிச்ச மார்க்கை திரும்பப் போட்டுடட்டுமா?"

ட்ரிப்பைச் சரிபண்ணிட்டு, தலையணையை உசத்தி வெச்சுட்டு, சிரிச்சுட்டே போயிட்டாங்க.

6

இனிமே "அவன்" ஒத்து வராது. இதை அவன் தலையில கட்டிட்டு நான் ஒளிஞ்சுக்க முடியாது.

அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். திட்டணும்னா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

எனக்கு ஏழு வயசு. தொண்டையில புண்ணு. தினமும் ஒரு ஊசின்னு அஞ்சு நாளைக்கு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. முதல் நாளே உக்கார முடியல. ரெண்டாம் நாள் ஊசி போட்டுட்டு வந்தப்புறம், இன்னும் மூணு இருக்கேன்னு விரல் விட்டு எண்ணிட்டு இருந்தேன். வாசல்ல புதுசா வாங்கின நார் மிதியடி கிடந்துச்சு, முள்ளு முள்ளா. சட்டையைத் தூக்கிட்டு அது மேல குப்புறப் படுத்து வயித்தைத் தேய்ச்சேன். அப்புறம் ரெண்டு கையும். செக்கச் செவேல்னு ஆயிடுச்சு. அம்மா வந்து பாத்துட்டுப் போட்ட சத்தத்துல தெருவே கூடிடுச்சு. டாக்டர் ஊசியை நிறுத்திட்டாரு. தித்திப்பா ஒரு சிரப் குடுத்தாரு.

அன்னிலேருந்து ஸ்கூல் ஃபாரம், டூர் ஃபாரம், பல் டாக்டர் ஃபாரம், எதுவா இருந்தாலும் அம்மா சிவப்பு மையில எழுதுவாங்க. பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்தவங்ககிட்ட கூட, "எம்புள்ளைக்கு பென்சிலின் ஆகாது"ம்பாங்க. மத்தவங்க புள்ளைங்களுக்குப் பேருக்குப் பின்னாடி பட்டம், எனக்கு அலர்ஜி. ரெண்டு மூணு தடவை சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பொய்க்கு ஒரு வயசு கூடுது, சொல்றதுக்கு தைரியம் ஒரு வயசு குறையுது. கடைசில எனக்கே நெஜம் மாதிரி ஆயிடுச்சு. சின்ன டாக்டர் கேட்டப்ப நான் பொய் சொல்றேன்னு கூட நினைக்கல.

அப்ப விஷயம் முடிஞ்சுது, அலர்ஜி பொய், அஞ்சு மணிக்கு அதைச் சொல்லிட்டு மாத்திரையை வாங்கி

(இல்ல. இதுக்குத்தான் இந்தக் கதையே. இருங்க.)

காலைலேருந்து அந்த மிதியடியையே நினைச்சுட்டு இருக்கேன். ஒண்ணு இடிக்குது. முள்ளு மாதிரி நார்ல வெறும் வயித்தைத் தேய்ச்சா வலிக்கணும்ல? எனக்கு வலிச்சதா ஞாபகம் இல்ல. சுகமா இருந்ததா ஞாபகம். நல்லா அரிக்கற இடத்துல சொறிஞ்சா ஒரு சுகம் வருமே, அது. அப்படின்னா முன்னாடியே அரிச்சுதா? அரிச்சதாலதான் மிதியடி கிட்ட போனேனா? போனப்புறம் மாட்டிக்கக்கூடாதேன்னு "நான்தான் பொய்யா பண்ணேன்"னு எனக்கு நானே கதை கட்டிக்கிட்டேனா? ஏழு வயசுப் பையனுக்கு, உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுங்கறதை விட, நான் பெரிய கில்லாடிங்கறதுதானே பிடிக்கும்.

தெரியல. சத்தியமா தெரியல. நெஜமாவே தடிச்சிருந்து, நான் பொய்னு சொல்லி, அவங்க நம்பி மருந்தைக் குடுத்தா? பொய்யா இருந்து, நான் நெஜம்னு சொல்லி, ஊரையே கொளுத்தற மருந்தை ஒரு வாரம் ஏத்தினா? இவ்வளவு நேரம் இந்தக் கதையில எத்தனையோ கற்பனை பண்ணேன். சின்ன டாக்டர் பேனாவை ரெண்டு தடவைதான் அமுக்கினாரு, மூணுன்னு எழுதினேன். யாருக்கும் நஷ்டமில்ல. இந்த ஒரு இடத்தை மட்டும் நான் இட்டுக்கட்ட முடியாது.

பாத்தது ஒருத்திதான். அக்கா, உனக்கு அப்ப பதினொண்ணு. நீ கதவு கிட்ட நின்ன. நான் தேய்க்கறதைப் பாத்த. அம்மா கத்தினப்ப நீ வாயே திறக்கல.

7

முடிவு எழுதிப் பாத்தேன்.

முடிவு ஒண்ணு. அக்கா எழுதறா: "தோல் சுத்தமா இருந்துச்சுடா, நீ தேய்ச்சுதான் சிவந்துச்சு." பார்மசிஸ்ட் அம்மா மாத்திரையில முதல்ல கொஞ்சமா குடுத்து, ஒரு மணி நேரம் வார்டுலயே கண்காணிப்புல வெச்சிருக்காங்க. டிரைவர் எதிர்க்கட்டில்லேருந்து என் உதட்டையே உத்துப் பாக்கறாரு. ஒண்ணும் ஆகல. சிவப்பு ஸ்டிக்கரைக் கிழிச்சு எடுக்கறாங்க. நாளன்னிக்கு ரூமுக்கு. அம்மா ஃபோன்ல ஒரு மணி நேரம் திட்டறாங்க, நடுவுல ஒரு தடவை சிரிக்கறாங்க.

முடிவு ரெண்டு. அக்கா எழுதறா: "அரிக்குது அரிக்குதுன்னு அழுதுட்டேதான்டா தேய்ச்ச, முதுகுலயும் தடிப்பு இருந்துச்சு, முதுகை நீ தேய்க்கவே இல்லையே." ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. எனக்கு இன்னும் ஒரு வாரம் கட்டில். அம்மா ஜெயிச்சுட்டாங்க. இன்னும் இருபது வருஷத்துக்கு அவங்களைத் தாங்க முடியாது.

முடிவு மூணு. அக்கா எழுதறா: "நான் அன்னிக்கு வீட்டுலயே இல்லடா." இது கதைக்கு நல்லா இருக்கும். பார்மசிஸ்ட் அம்மாவுக்கு உதவாது.

எனக்கு முதல் முடிவுதான் பிடிச்சிருக்கு. அதனாலதான் அதை நான் எழுதக்கூடாது. நல்லா இருக்குங்கறதுக்காக ஒரு முடிவை எடுத்துக்கற எடம் இது இல்ல. மூணையும் அடிச்சுடலாம்னா விரல் எட்டல. நீங்களே அடிச்சுக்குங்க.

8

மணி மூணே கால். அனுப்பற பொத்தானை நர்ஸை அமுக்கச் சொல்லி இதை இப்ப அனுப்பறேன்.

அம்மா, நீங்க ரெண்டாவதா படிங்க. அப்பா, அம்மா பக்கத்துல உக்காந்துக்குங்க. மூச்சு இப்ப இருபதுதான், நர்ஸ் இப்பத்தான் ஜன்னலைப் பாக்கச் சொல்லிட்டு எண்ணிட்டுப் போனாங்க.

அக்கா, நீ என்னைக் காப்பாத்தணும்னு யோசிக்காத. அம்மாகிட்டேருந்தும் காப்பாத்த வேண்டாம், ஆஸ்பத்திரியிலேருந்தும் காப்பாத்த வேண்டாம். நீ பாத்ததை மட்டும் எழுது. நான் மிதியடியில படுக்கறதுக்கு முன்னாடி, சட்டையைத் தூக்கினப்ப, தோல் எப்படி இருந்துச்சு? முதுகுல ஏதாவது இருந்துச்சா? அரிக்குதுன்னு சொன்னேனா? ஞாபகம் இல்லன்னா, ஞாபகம் இல்லன்னே எழுது. அதுவும் அவங்களுக்கு வேணும். அஞ்சு மணிக்கு முன்னாடி எழுது.